கல்லில் மலை காணும் கலை

சிறு வயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், ஜப்பானில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஒட்டன்சத்திரம் திரும்பினார். வந்தவர் தம் வீட்டு முன்கூடத்தில், சுவரை ஒட்டிய பலகையின் மீது ஒரு கல்லை வைத்தார். ஒரு சாண் நீளமும் நான்கு விரல் உயரமும் உள்ள கறுத்த கல் அது. அதன் அடிப்பாகம் அசையாமல் பொருந்துமாறு குடைந்தெடுத்த மர இருக்கையும் உடன் வந்திருந்தது. அவருடைய தாயார் அதனைக் கண்டு அஞ்சினார். தொழுகை நடக்கும் வீட்டில் பீடத்தின்மேல் ஒரு கல்லா? மறுநாளே பேரனை நம்மிடம் அனுப்பி, "ஹஜ்ரத்தைக் கேட்டு வா, இதை வீட்டில் வைக்கலாமா?" என்று வினவினார்.

நாம் கல்லைப் பார்க்கவில்லை. அது எதற்கென்று விசாரிக்கவும் இல்லை. "வேண்டாம், எடுத்துவிடச் சொல்" என்று வாசற்படியில் நின்றபடியே விடை கூறி அனுப்பிவிட்டோம். மாணவர் மறுபேச்சின்றி அதனைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் அப்பொருள் இன்னதென்று விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது மத்ரஸாவில் நாம் கற்ற விதி. முப்பது ஆண்டுகளாக அதனைப் பிறருக்குக் கற்பித்துவரும் நாமே அன்று அதனை மறந்தோம். கற்பித்தவன் தவறினால் திருத்திக்கொள்ளும் கடமையும் அவனுடையதே. எனவே அக்கல்லைப் பற்றியும், அதனைப் பேணும் கலையைப் பற்றியும் மாணவரிடம் கேட்டும் நூல்களில் தேடியும் அறிந்தவற்றை ஈண்டு மதிப்பிட்டுப் பார்க்கிறோம்.

கலையின் இயல்பு

இக்கலைக்கு ஜப்பானியர் இட்ட பெயர் சுயிசெக்கி. நீர், கல் என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. ஆற்றுப் படுகையிலோ மலைச்சரிவிலோ கடற்கரையிலோ இயற்கையாகக் கிடக்கும் சிறு கல்லொன்று தொலைவிலுள்ள மலையை, அருவியை, தீவை, மேட்டு நிலத்தை நினைவூட்டுமாயின், அதனை எடுத்துவந்து வீட்டினுள் வைத்துக் காண்பதே இக்கலை. உளி கொண்டு செதுக்குவதில்லை, வண்ணம் பூசுவதில்லை. தொலைமலைக் கல்லுக்குத் தோயாமா என்று பெயர். கறுத்த கல்லின் நடுவே வெண்ணிறக் கோடு ஓடினால் அது அருவிக் கல். மேற்பரப்பிலுள்ள குழியில் சிறிது நீர் நின்றால் அது சுனைக் கல். குடிசை போன்ற கல்லுக்கும் தனிப் பெயர் உண்டு.

கல்லை இருத்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டைசா எனப்படும் மர இருக்கை. அது கல்லின் அடி விளிம்பை அங்குலம் அங்குலமாகத் தொடர்ந்து குடையப்படுவது. ஒரு கல்லின் இருக்கை மற்றொரு கல்லுக்குப் பொருந்தாது. மற்றொன்று, சுயிபான் எனப்படும் ஆழமற்ற தட்டு. பீங்கானால் ஆன அத்தட்டில் மணலைப் பரப்பி, கல்லை நட்ட நடுவே வைக்காது ஒருபுறம் தள்ளி வைப்பர். பின்னர் நீரைத் தெளிப்பர். நனைந்த கல் கறுத்து மின்னுவதும், காயக் காய வெளிறுவதும், மழை பெய்து ஓய்ந்த மலையின் காட்சியாகும்.

கல்லை வளர்த்தல் என்றொரு வழக்கமும் அவர்களிடம் உண்டு. புதிதாக எடுத்த கல்லை உடனே வீட்டினுள் கொணர்வதில்லை. வெயிலிலும் மழையிலும் வெளியே வைத்து, நாள்தோறும் நீர் ஊற்றி, ஆண்டுக் கணக்கில் காத்திருப்பர். கையால் தடவித் தடவியும் கல்லுக்கு மெருகேற்றுவர். ஒருவர் வளர்க்கத் தொடங்கிய கல்லின் முதிர்ச்சியை அவர் மகன் காண்பதும் உண்டு.

இக்கலைக்கு மூலம் சீனம். அங்கே கற்றோர் தம் எழுதுமேசையில் கற்களை வைத்துப் போற்றினர். மெலிவு, ஊடுருவும் துளை, நீர் வடியும் புழை, சுருக்கம் என்று கல்லின் அழகுக்கு இலக்கணமும் வகுத்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தூ வான் என்பவர் நூற்றுக்கு மேற்பட்ட கல்வகைகளை வரிசைப்படுத்தித் தனி நூலே இயற்றினார். ஜப்பான் சென்ற கலை அங்கு அடக்கம் பெற்றது. விந்தையான துளைகளை விட அமைதியான மலைத்தொடரை ஜப்பானியர் விரும்பினர். பேரரசர் கோ டைகோவின் பெயரோடு பிணைந்த கல்லொன்று, "கனவின் மிதக்கும் பாலம்" என்னும் பொருளுடைய பெயரோடு, நகோயா நகரின் டொக்குகாவா கலைக்கூடத்தில் இன்றும் உள்ளது. அப்பேரரசர் மறைந்தது 1339ஆம் ஆண்டு. அதன் பின்னர் எத்தனை ஆட்சிகள் மாறின! கல் அப்படியே இருக்கிறது.

சொல்லாது சொல்லும் அணி

இதனைக் கலை என்று ஒப்பலாமா? சிற்பி இல்லை, ஓவியன் இல்லை, உளியும் இல்லை. கீழே கிடந்ததை எடுத்து மேலே வைப்பது யாருக்குத்தான் இயலாது? இவ்வினாவை நாமும் மாணவரிடம் எழுப்பினோம். அதற்குரிய விடையோ நம் அணியிலக்கணத்திலேயே இருப்பதைப் பிறகு கண்டோம்.

தண்டியலங்காரம் ஒட்டு என்றோர் அணியைக் கூறும். புலவன் தான் கருதிய பொருளை மறைத்து, அதனை ஒத்த பிறிதொன்றைச் சொல்லி, மறைத்ததைக் கேட்போர் உணருமாறு விடுவதே அது. உரையாசிரியர் பிறிதுமொழிதல் என்பதும் இதனையே. அரபு அலங்கார நூலார் இஸ்திஆரா என்பதும் இதற்கு அணுக்கமானது. உவமையும் பொருளும் ஆகிய இரண்டில் ஒன்று மறைந்து நிற்க, மற்றது மட்டும் வெளிப்படும். 1078இல் மறைந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானி, தம் அஸ்ராருல் பலாகா நூலில் இதனை நுணுகி ஆய்ந்தார். ஒப்பிடப்படும் இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் உள்ளனவோ அவ்வளவுக்கு அவ்வுவமை உள்ளத்தை அசைக்கும் என்பது அவர் கண்ட உண்மை.

சுயிசெக்கி கல்லால் ஆன ஒட்டணி. கல் முன்னே இருக்கிறது, மலை மறைந்திருக்கிறது. ஒரு சாண் கல்லுக்கும் பல காத மலைக்கும் இடையேயுள்ள தொலைவே அதன் வலிமை. கல்லெடுத்தவன் செய்தது என்ன என்று கேட்பவர், புலவன் செய்தது என்ன என்றும் கேட்க வேண்டும். சொற்களைப் புலவன் படைக்கவில்லை. அவை ஊரார் வாயில் கிடந்தவை. தெரிந்தெடுத்து உரிய இடத்தில் வைத்ததே அவன் செயல். ஆற்றில் ஆயிரம் கற்களைக் கடந்து நடந்து ஆயிரத்தோராவது கல்லின் முன் நிற்பதும் அத்தகைய செயலே.

இவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டால் கற்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு விளங்கும். வாத்தைப் போலவே உள்ள கல், மனித உருவைப் போலவே உள்ள கல் என்று காட்டிக் கைதட்டல் பெறுவோர் உண்டு. அவற்றில் ஒளிந்திருப்பது எதுவுமில்லை. பார்த்தவுடன் வியப்பு, வியப்போடு முடிவு. நல்ல தொலைமலைக் கல்லோ காலையில் ஒன்றாகவும் மாலையில் மற்றொன்றாகவும் தோன்றும். தேர்ந்தவர்கள் இரண்டாவதையே மேலாகக் கருதுகின்றனர். அத்தீர்ப்பு சரியானது.

மற்றொரு நுட்பமும் போற்றத்தக்கது. ஜப்பானிய வீட்டில் தொகொனொமா என்னும் மாடம் போன்ற இடத்தில் கல்லோடு ஓர் ஓவியச் சுருளையும் தொங்கவிடுவர். கல் மலையை உணர்த்தினால் ஓவியத்தில் மலை இராது. நிலவோ பறவையோ இருக்கலாம். ஒன்று சொன்னதை மற்றொன்று சொல்லலாகாது என்பது விதி. நன்னூலார் குற்றம் பத்தினுள் ஒன்றாக வைத்த கூறியது கூறல், கடல் கடந்த நாட்டின் சுவரிலும் குற்றமாகவே கருதப்படுவது கண்டு மகிழ்ந்தோம்.

சனதும் மறைப்பும்

இனி குறைகளையும் கூற வேண்டும். பாராட்டு மட்டும் எழுதுவது மதிப்பீடு ஆகாது.

புகழ்பெற்ற கற்களை இலேசான மரப்பெட்டியில் வைத்துக் காப்பர். பெட்டியின் மூடியில் கல்லின் பெயரும், அதனை வைத்திருந்தவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். இன்னாரிடமிருந்து இன்னார் பெற்றார் என்னும் வரலாறு கல்லோடு சேர்ந்தே செல்லும். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. அறிவிப்பாளர் தொடரை சனது என்றும், அறிவிக்கப்பட்ட செய்தியை மத்தன் என்றும் பிரித்துப் பார்ப்பது நம் முன்னோர் வழி. தொடரை ஆய்வது செய்தியைக் காப்பதற்காகவே. கல்லுலகிலோ தொடரே செய்தியை விழுங்கிவிடுகிறது. பெட்டியில் பெரிய பெயர் இருந்தால் கல் உயர்ந்தது. பெயரில்லாக் கல் எத்தகைய மலையை உணர்த்தினாலும் தாழ்ந்தது. காண்பவன் கண்ணை மூடிக்கொண்டு மூடியைப் படிக்கிறான்.

இதனினும் பெரிய குறை மறைப்பு. இயற்கைக் கல் என்பதே இக்கலையின் உயிர். ஆயினும் கல்லின் அடியைச் சமமாக அறுத்து, அறுத்த பகுதி தெரியாதவாறு மர இருக்கையில் புதைப்பது பரவலாக நடந்துவருகிறது. அதனைப் பொறுத்துக்கொள்வோரும் உளர்; அறவே மறுப்போரும் உளர். அறுப்பதைக் கூட நாம் ஒருவாறு பொறுக்கலாம். ஜப்பானிலேயே செவ்வந்திப் பூவைப் போன்ற உட்கோலம் தெரியும்படி சில கற்களை வெளிப்படையாக மெருகிடுகின்றனர். அறுத்ததை மறைப்பதே தவறு. குறையை மறைத்து விற்பதை ஃபிக்ஹ் நூலார் தத்லீஸ் என்பர். அழகிய இருக்கையே அதற்குத் துணைபோவது வருத்தத்திற்குரியது.

மூன்றாவது குறை பேராசை. இதற்குச் சீன வரலாறே சான்று. 1100இல் அரியணை ஏறிய ஹுயிசோங் பேரரசர் தேர்ந்த ஓவியர், ஆயினும் கற்பித்தர். தம் தோட்டத்து மலைக்காகத் தென்னாட்டிலிருந்து கற்களைப் படகுப் படகாக வரவழைத்தார். யார் வீட்டில் நல்ல கல் உள்ளது என்று அதிகாரிகள் தேடினர். பெருங்கல் ஒன்று வருவதற்காகப் பாலங்களும் மதிலும் இடிக்கப்பட்டன. மக்களின் துயரம் 1120இல் ஃபாங் லா என்பவரின் கலகத்திற்கு வழி வகுத்தது. 1127இல் தலைநகர் வடநாட்டுப் படையிடம் வீழ்ந்தது. பேரரசர் சிறைப்பட்டு அங்கேயே மாண்டார். கல்லை நேசித்தது குற்றமன்று. பிறர் முதுகில் ஏற்றி நேசித்ததே குற்றம். ஜப்பானிலும் 1960களில் கல் வேட்கை பரவியபோது மக்கள் கூட்டம் கூட்டமாக ஆறுகளில் இறங்கினர். அதன் பின் பெயர் பெற்ற பல படுகைகளில் நல்ல கல் அரிதாயிற்று.

அதே ஜப்பானின் கல்லறைகளுக்கு நம் திண்டிவனம் வட்டாரத்துக் குன்னம் கறுங்கல் விரும்பி வாங்கப்படுகிறது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஒரு சாண் கல்லில் உளி படலாகாது என்று காக்கும் நாடு, நம் குன்றுகளை அறுத்துப் பாளமாக்கி வாங்குகிறது. பழி அவர்களுக்கு மட்டும் உரியதன்று, விற்பவர் நாமே. கல்லில் மலையைக் காண்பது கலை. மலையில் வெறும் கல்லை மட்டும் காண்பது வணிகம்.

எல்லைக்கோடு எங்கே?

தாயாரின் அச்சத்திற்கு இப்போது வருவோம். அது வெறும் அச்சமன்று, ஆராயத்தக்க வினா.

சீனத்து மீ ஃபூ என்னும் எழுத்துக்கலைஞர் பதினோராம் நூற்றாண்டில் பிறந்தவர். விந்தையான கல்லொன்றைக் கண்டதும் அரச உடை அணிந்து அதனை வணங்கி "அண்ணா" என்று விளித்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. சிலர் இதனை நகைச்சுவை என்பர், சிலர் பித்து என்பர். எதுவாயினும் அவ்விடத்தில் நம் கால் நின்றுவிடும். ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்ட உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், நபிகளார் முத்தமிட்டதாலேயே முத்தமிடுவதாகவும் கூறியதை நாம் அறிவோம். கஅபாவின் கல்லுக்கே அந்த வரம்பு என்றால் ஆற்றுக்கல்லுக்குக் கூறவும் வேண்டுமோ?

கல் அதிர்ஷ்டம் தரும் என்னும் எண்ணமும் அவ்வரம்பைக் கடந்ததே. படம் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை. ஆயினும் 2019இல் வெளிவந்து 2020இல் ஆஸ்கார் பரிசு பெற்ற பாரசைட் என்னும் கொரியப் படத்தின் கதையை மாணவர் கூறக் கேட்டோம். செல்வம் தரும் என்று ஏழைக் குடும்பத்திற்கு ஒரு கல் பரிசாக வருகிறது. இறுதியில் அதே கல் அவ்வீட்டு மகனின் தலையைத் தாக்கும் கருவியாகிறது. பின்னர் அவன் அதனை ஓடை நீரில் கொண்டுபோய் வைக்கிறான். கல்லைக் கல்லாகக் காணும் இடத்திற்கு அவன் வந்துசேர எவ்வளவு விலை!

973இல் பிறந்த அல்பிரூனி, அல்ஜமாஹிர் என்னும் மணிக்கல் நூலில் இவ்வகை நம்பிக்கைகளைச் சோதித்தே பார்த்தார். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்று பலர் எழுதியிருந்தனர். பாம்பின் முன் மரகதத்தை மாதக்கணக்கில் பலவாறு வைத்துப் பார்த்தார். பாம்புக்கு ஒன்றும் நேரவில்லை என்று எழுதினார். இதுவே நம் அறிஞர் நெறி.

எனினும் அல்பிரூனியின் நூலும் விலையுள்ள மணிகளைப் பற்றியதே. நம் கொங்கு நாட்டுக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்தவையும் பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றில் துளையிட்டுச் செய்த மணிகளே. விலையில்லாத, அணிய இயலாத, கட்டடத்திற்கும் உதவாத கல்லைப் போற்றுவது நம்மவர்க்குப் புதிது. புதிதென்பதால் ஆகாததாகிவிடாது. உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்று தடுத்த இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களே, மரத்தையும் உயிரற்ற பொருளையும் வரையலாம் என ஓவியனுக்கு வழிகாட்டினார்கள். மலை உயிரற்றது, அதன் சாயல் கொண்ட கல்லும் அத்தகையதே. கல் நெஞ்சம் என்று நாம் இகழ்ந்து பேசுகிறோம். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமோ, நீர் பீறிட்டு வரும் கல்லும் இறையச்சத்தால் உருளும் கல்லும் உண்டு என்னும் கருத்தில், நெஞ்சத்தை விடக் கல்லை உயர்த்தியே பேசுகிறது.

நம் மலையின் கல்

இவ்வாறு எண்ணியபின் நாம் மாணவரின் இல்லம் சென்றோம். பரணிலிருந்து கல்லை இறக்கி வைத்தார். நாம் நெடுநேரம் பார்த்தோம். இடப்புறம் தாழ்ந்து, நடுவே எழுந்து, வலப்புறம் நீண்டு சரியும் மலை. எங்கோ கண்டது போலிருந்தது.

"ஹஜ்ரத், மாடிக்கு வாருங்கள்" என்று அழைத்துச் சென்றார். தெற்கே பழனி மலைத்தொடர். வடகாட்டுக்கு மேலே பாச்சலூர்ப் பக்கம் எழும் அதே சரிவு.

2020இல் நோய்த்தொற்றால் விமானங்கள் நின்றிருந்த வேளையில் அவருடைய அத்தா இறந்துபோனார். ஜனாஸாவுக்கு மகனால் வர இயலவில்லை. ஒசாகாவில் அவர் குடியிருந்த தெருவில் கல் சேகரிக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். துக்கம் கேட்க வந்தவர், உங்கள் ஊர் எப்படியிருக்கும் என்று கேட்டார். இவர் தம் கைப்பேசியில் மாடியிலிருந்து எடுத்த படத்தைக் காட்டினார். சில நாள் கழித்து முதியவர் தம் கற்களுள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மொழி முழுவதும் புரியாத இருவர்க்கிடையே அக்கல் பேசிற்று. அத்தா அடங்கிய ஊரின் மலையை அவர் இரண்டு ஆண்டுகள் அதில் கண்டுகொண்டிருந்தார்.

நாம் பரண்மேல் ஏற்றச் சொன்னது இதனையே.

பழனி மலையின் பாறை பெரும்பாலும் சார்னகைட் என்னும் இனம். கல்கத்தாவோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வினத்தது என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்னும் புவியியலார் 1893இல் இட்ட பெயர் அது. 50 கோடி ஆண்டுகளுக்குக் குறையாத முதுமை உடையது. ஜப்பானிய ஆறுகளில் மடிந்தும் அடுக்கியும் கிடக்கும் பாறைகள், மென்மையான பகுதி கரைந்து மலையுருக் கொள்கின்றன. நம் பாறையோ ஒரே சீரான உறுதியுடையது; நம் ஓடைகளில் அது பெரும்பாலும் உருண்டையாகவே தேய்கிறது. எனவே பரப்பலாற்றில் தோயாமா தேடி யாரும் இறங்க வேண்டியதில்லை. நமக்கு மலையே கண்முன் இருக்கிறது. கொடைக்கானல் சென்று தூண்பாறையின் முன் நின்று படமெடுத்துத் திரும்பும் நாம், நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலையை எத்தனை நாள் நின்று பார்த்தோம்? தொலைவில் இருந்தவருக்குக் கல் தேவைப்பட்டது. அருகில் இருக்கும் நமக்குக் கண் தேவைப்படுகிறது.

தாயாரிடம் நாம் முன்பு கூறியது அவசரத்தில் கூறியது என்று ஒப்புக்கொண்டோம். வணங்காமல், வரம் கேட்காமல், பெருமைக்குக் காட்டாமல் வைத்திருப்பதில் தடையில்லை என்றோம். அவர் சற்று யோசித்து, "தொழுகிற பக்கம் இருக்கலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தொழுவோர் முன் கவனம் சிதறும் எதுவும் வேண்டாம் என்றோம். அவரே கல்லை எடுத்துத் தெற்குச் சன்னலின் திண்டில் வைத்தார். அச்சன்னலுக்கு அப்பால் மலை தெரிகிறது. கல்லையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தவர், "அவங்க அத்தா இந்தச் சன்னல்லதான் உக்காந்திருப்பாங்க" என்றார்.

நாம் அதன்பின் ஒன்றும் கூறவில்லை.